சராசரி ஏன் தப்பாக வருகிறது? குவாண்டம் சமநிலைக் கணக்குகளில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

நிரல் எந்தப் புகாரும் இல்லாமல் ஓடி முடிகிறது, வரைபடமும் வழவழவென்று வருகிறது, ஆனால் விடை தப்பு. குவாண்டம் புள்ளியியல் இயக்கவியலில் பிழை பெரும்பாலும் இந்த வேஷத்தில்தான் வரும். எடை போட்டுச் சராசரி எடுக்கும் வேலைதானே, எதை எடை போட்டாலும் ஏதோ ஒரு சராசரி வந்துவிடும். ஆகவே பிழைச் செய்திக்காகக் காத்திருந்து பயனில்லை. விடையின் முகத்தைப் பார்த்துத்தான் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும்.

உங்கள் கையில் ஒரு சின்ன அமைப்பு இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்: சில ஸ்பின்கள் கொண்ட ஒரு சங்கிலி, அல்லது ஒரு பெட்டிக்குள் போசான் (ஒரே நிலையில் எத்தனை வேண்டுமானாலும் சேரக்கூடிய துகள்) வாயு. ஆற்றல் மட்டங்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் எக்ஸ்ப்(−பீட்டா × ஆற்றல்) என்ற எடையைக் கொடுத்து, எடைகளின் கூட்டலால் வகுத்துச் சராசரி எடுக்கிறீர்கள். பீட்டா என்பது 1 ÷ (போல்ட்ஸ்மன் மாறிலி × வெப்பநிலை). எடைகளின் கூட்டல்தான் பார்ட்டிஷன் ஃபங்ஷன். இப்படி எடை போட்ட நிலைகளின் கூட்டத்துக்கு என்செம்பிள் என்று பெயர். அதற்குத் தமிழில் ஆளுக்கொரு சொல் வைத்திருக்கிறார்கள். வகுப்பில் எல்லோரும் என்செம்பிள் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

எதையும் திருத்தப் போகும் முன், விடை முழுவதும் கையால் தெரிந்த ஒரு அமைப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது இரண்டு அரை-ஸ்பின்கள், நடுவில் ஹைசன்பெர்க் இணைப்பு, இணைப்பின் அளவு ஜே = 1, போல்ட்ஸ்மன் மாறிலியையும் 1 என்றே வைக்கிறேன். நான்கே நிலைகள்: ஆற்றல் −0.75-இல் ஒன்று (சிங்லெட்), +0.25-இல் மூன்று (டிரிப்லெட்). வெப்பநிலை முடிவிலிக்குப் போனால் பார்ட்டிஷன் ஃபங்ஷன் 4, சராசரி ஆற்றல் 0, என்ட்ரோபி மடக்கை 4, அதாவது 1.386. வெப்பநிலை 0-க்கு வந்தால் ஆற்றல் −0.75, என்ட்ரோபி 0. நடுவில் வெப்பநிலை 1-இல் பார்ட்டிஷன் ஃபங்ஷன் 4.4534, சராசரி ஆற்றல் −0.2254, தன்வெப்பம் 0.2494. இந்த எண்களை நிரலின் தலைமாட்டிலேயே எழுதி வையுங்கள். கீழே அடிக்கடி இவற்றிடம்தான் திரும்பி வருவோம்.

அறிகுறி: குளிரக் குளிர விடை முடிவிலி ஆகிறது, அல்லது "நேன்" (எண் அல்ல) என்று வருகிறது

இது இயற்பியல் அல்ல, எண்கணிதம். 64 பிட் மிதவைப்புள்ளி எண்ணில் எக்ஸ்ப் சார்பு 709-ஐத் தாண்டினால் கொட்டிவிடும். அடிநிலை ஆற்றல் −40, வெப்பநிலை 0.05 என்றால் அடுக்கு 800. கதை முடிந்தது. ஆற்றல்கள் எல்லாம் பெரிய நேர்க்குறி எண்களாக இருந்தால் நேர்மாறாக எல்லா எடையும் 0 ஆகி, 0-வை 0-வால் வகுத்துக்கொண்டு நிற்கும்.

எல்லா ஆற்றலிலிருந்தும் அடிநிலை ஆற்றலைக் கழித்துவிட்டு எடை போடுங்கள். மிகப் பெரிய எடை எப்போதும் 1. சராசரிகள் துளியும் மாறாது. ஆனால் கட்டற்ற ஆற்றலை (−வெப்பநிலை × பார்ட்டிஷன் ஃபங்ஷனின் மடக்கை) எழுதும்போது கழித்ததைத் திரும்பக் கூட்ட வேண்டும். மறந்துவிட்டால் அதற்கும் ஓர் அறிகுறி உண்டு: வெப்பநிலை 0-க்குப் போகும்போது கட்டற்ற ஆற்றல் அடிநிலை ஆற்றலுக்குப் போகாமல் 0-க்குப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அறிகுறி: வளைகோட்டின் உருவம் சரி, ஆனால் வெப்பநிலை அச்சில் இடம் தள்ளி நிற்கிறது

தள்ளி நிற்கும் மடங்கைக் கணக்கிடுங்கள். அந்த எண்ணே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும்.

11.6 மடங்கு வந்தால் மில்லி எலக்ட்ரான்வோல்ட்டும் கெல்வினும் கலந்திருக்கின்றன (1 மில்லி எலக்ட்ரான்வோல்ட் 11.6 கெல்வினுக்குச் சமம். 300 கெல்வின் என்பது 25.85 மில்லி எலக்ட்ரான்வோல்ட்). 1.44 மடங்கு வந்தால் நிறமாலைக்காரர்களின் அலையெண், அதாவது சென்டிமீட்டருக்கு இத்தனை என்ற அலகு, எங்கோ நுழைந்திருக்கிறது. 2 அல்லது 4 மடங்கு வந்தால் அலகில் தப்பில்லை, வழக்கில்தான் தப்பு. ஹைசன்பெர்க் இணைப்பை ஒருவர் ஜே என்று எழுதுவார், இன்னொருவர் 2 ஜே என்று எழுதுவார், வேதியியல் பக்கம் −2 ஜே என்றும் உண்டு. ஸ்பின் அணிகளுக்குப் பதிலாகப் பவுலி அணிகளை அப்படியே போட்டால் இரண்டு அரைகள் விட்டுப்போய் 4 மடங்கு வரும்.

நம் இரட்டை ஸ்பின்னில் தன்வெப்பத்தின் உச்சி வெப்பநிலை 0.35-இல் வர வேண்டும், உயரம் 1.02. காந்த ஏற்புத்திறனின் உச்சி 0.62-இல். உங்கள் தன்வெப்ப உச்சி 0.70-இல் இருந்தால் 2 ஜே வழக்கு, 1.4-இல் இருந்தால் பவுலி அணி. உயரம் மாறாமல் இடம் மட்டும் மாறியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். உயரமும் மாறியிருந்தால் நோய் வேறு. உதாரணமாக உயரம் 0.44-ஆகவும் இடம் 0.42-ஆகவும் இருந்தால், அது மேலே ஒரே ஒரு நிலை மட்டும் உள்ள இரண்டு மட்ட அமைப்பின் உச்சி. டிரிப்லெட்டின் மூன்று நிலைகளில் இரண்டைத் தொலைத்துவிட்டீர்கள். அது அடுத்த அறிகுறியின் சங்கதி.

அறிகுறி: குளிரில் எல்லாம் சரி, சூட்டில் எல்லாம் தப்பு

என்னிடம் வரும் நிரல்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான். அடிநிலை ஆற்றல் ஏதோ ஒரு கட்டுரையில் உள்ள எண்ணோடு ஆறு தசம இடம் ஒத்துப்போயிருக்கும், அந்தச் சந்தோஷத்தில் யாரும் மேலே பார்த்திருக்க மாட்டார்கள்.

பீட்டா = 0 போட்டுப் பாருங்கள். எல்லா எடையும் 1 ஆகிவிடும், ஆகவே பார்ட்டிஷன் ஃபங்ஷன் வெறும் நிலைகளின் எண்ணிக்கை. 10 ஸ்பின்களுக்கு 1024 வர வேண்டும். 252 வந்தால் மேல்நோக்கி ஐந்து, கீழ்நோக்கி ஐந்து என்ற பிரிவை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். அடிநிலையைத் தேட அந்த ஒரு பிரிவு போதும். வெப்பச் சராசரிக்குப் போதவே போதாது. மொத்தக் காந்தத்தின் −5 முதல் +5 வரை பதினொரு பிரிவுகளையும் கூட்ட வேண்டும்.

இரட்டை ஸ்பின்னில் இது அப்பட்டமாகத் தெரியும். மொத்தக் காந்தம் 0 உள்ள பிரிவில் இரண்டு நிலைகள்தான்: −0.75 ஒன்று, +0.25 ஒன்று. முடிவிலி வெப்பநிலையில் சராசரி ஆற்றல் 0-வுக்குப் பதில் −0.25 வரும், என்ட்ரோபி 1.386-க்குப் பதில் 0.693 வரும். குளிரிலோ இரண்டு கணக்கும் ஒன்றேதான், −0.75.

இதற்கு ஒரு தம்பி உண்டு: பெரிய அணியின் ஓரத்து ஐகன் மதிப்புகளை மட்டும் கண்டுபிடிக்கும் லான்சோஸ் முறையில் கீழ்மட்ட ஐகன் மதிப்புகள், அதாவது ஆற்றல் மட்டங்கள், ஐம்பதை எடுத்துவிட்டு, அவற்றை வைத்தே எல்லா வெப்பநிலைக்கும் வளைகோடு போடுவது. ஐம்பதாவது மட்டம் அடிநிலைக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதில் பத்தில் ஒரு பங்கு வெப்பநிலை வரைதான் அந்த வளைகோட்டை நான் நம்புவேன், அதுவும் சின்ன அமைப்பில். மேலே மட்டங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். ஒவ்வொன்றின் எடையும் சிறியது, கூட்டம் பெரியது. முழு அணியையும் மூலைவிட்டமாக்க எங்கே வரை முடியும் என்று கேட்டால், 14 ஸ்பின்களுக்கு அணியை வைக்க மட்டும் 2.1 ஜிகாபைட், மடிக்கணினியில் ஓடும். 20 ஸ்பின்களுக்கு 8.8 டெராபைட், ஆசையை விட்டுவிடுங்கள். அங்கே பிரிவுகளாக உடைப்பதும், தற்செயலான சில திசையன்களை வைத்து டிரேஸை (மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டலை) மதிப்பிடுவதும்தான் வழி. அப்படிச் செய்தால் ஒவ்வொரு பிரிவுக்கும் அதன் பரிமாணத்துக்குத் தக்க எடை கொடுத்துக் கூட்ட மறக்காதீர்கள்.

அறிகுறி: தன்வெப்பம் எதிர்க்குறியில் வருகிறது, அல்லது குளிரில் நடுங்குகிறது

மேலே சொன்ன எக்ஸ்ப் எடைகளைப் போடும் கேனானிக்கல் என்செம்பிளில் தன்வெப்பம் ஆற்றலின் பரவற்படியை வெப்பநிலையின் வர்க்கத்தால் வகுத்தது. பரவற்படி எதிர்க்குறியில் வராது. வந்தால் எண்ணைக் கழித்த விதம் தப்பு: ஆற்றல் வர்க்கத்தின் சராசரி 1600.0000, சராசரியின் வர்க்கம் 1600.0001. முதலில் சராசரியைக் கழித்து, அப்புறம் வர்க்கப்படுத்தி, அப்புறம் எடை போடுங்கள். சரியாகிவிடும். ஆற்றலைக் கட்டிப்போட்ட மைக்ரோகேனானிக்கலில் எதிர்க்குறி நிஜமாகவே வரலாம், அது பிழை அல்ல.

அறிகுறி: அடர்த்தி அணியின் டிரேஸ் சரியாக 1, ஆனால் சராசரி ஆற்றல் கிறுக்குத்தனமாக இருக்கிறது

அடர்த்தி அணி என்பது எடைகளையே ஓர் அணியாக எழுதி, டிரேஸ் 1 ஆகும்படி வகுத்தது. அதை நம்பையில், அதாவது பைத்தானின் எண் நூலகத்தில், எழுதுகிறீர்களா? எக்ஸ்ப் என்று போட்டீர்களா, எக்ஸ்ப்எம் என்று போட்டீர்களா பாருங்கள். முதலாவது அணியின் ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியே அடுக்கேற்றும். சைபையில் உள்ள இரண்டாவதுதான் அணியை அணியாக அடுக்கேற்றும். முதலாவதில் மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள 0-க்கள் எல்லாம் 1 ஆகிவிடும்.

இந்தப் பிழையின் விஷமம் என்னவென்றால், மேலே சொன்ன பீட்டா = 0 சோதனையில் அது தேறிவிடும். எல்லா உறுப்பும் 1 ஆன நான்குக்கு நான்கு அணி; அதன் டிரேஸ் 4. பார்ட்டிஷன் ஃபங்ஷன் சரி! ஆற்றலைக் கேளுங்கள், அங்கே மாட்டும்: 0-வுக்குப் பதில் +0.25 வரும். என்ட்ரோபியைக் கேட்டால் இன்னும் வேடிக்கை. எல்லாம் 1 ஆன அணியை 4-ஆல் வகுத்தால் கிடைப்பது ஒரே ஒரு தூய நிலை, அதன் என்ட்ரோபி 0. முடிவிலி வெப்பநிலையில் ஒழுங்கின்மை துளியும் இல்லாத அமைப்பு! ஆகவே டிரேஸ் மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போகாதீர்கள். ஐகன் மதிப்புகள் எல்லாம் 0-க்கும் 1-க்கும் நடுவில் இருக்கின்றனவா என்றும், அடர்த்தி அணியையும் ஹாமில்டோனியனையும் (ஆற்றலின் அணி) இடம் மாற்றிப் பெருக்கினாலும் அதே விடை வருகிறதா என்றும் பாருங்கள். சமநிலை அடர்த்தி அணி ஹாமில்டோனியனின் சார்பு. இரண்டும் இடம் மாறினால் சண்டை போடக் கூடாது.

இதன் தூரத்துச் சொந்தம், ஹாமில்டோனியனை இரண்டு துண்டாக்கித் தனித்தனியே அடுக்கேற்றிப் பெருக்குவது. துண்டுகள் இடம் மாறச் சம்மதிக்காவிட்டால் பெருக்கல் தப்பு. டிராட்டர் முறையில் பீட்டாவைப் பல சிறு படிகளாக வெட்டுவது அந்தத் தப்பைக் குறைக்கத்தான். படியைப் பாதியாக்கும்போது விடையில் உள்ள தப்பு நாலில் ஒரு பங்காகக் குறைகிறதா என்று ஒருமுறையாவது சோதித்துவிடுங்கள்.

அறிகுறி: காந்த ஏற்புத்திறனை இரண்டு வழியில் கணக்கிட்டால் இரண்டு விடை

ஒரு வழி: சின்னக் காந்தப்புலம் கொடுத்து, காந்தமாக்கல் எவ்வளவு மாறுகிறது என்று வகையிடுவது. இன்னொரு வழி: புலமே இல்லாமல் காந்தமாக்கலின் பரவற்படியை எடுத்துப் பீட்டாவால் பெருக்குவது. பாடப்புத்தகம் இரண்டும் சமம் என்கிறது. உங்கள் நிரலில் சூட்டில் சமமாக இருக்கின்றன, குளிரில் பிரிந்து எங்கோ போகின்றன. மாணவர்கள் இங்கே நாள்கணக்கில் நிரலைக் குடைவார்கள். நிரலில் ஒன்றும் இல்லை, சூத்திரத்தை எடுத்த இடம்தான் தப்பு.

ஒரே ஒரு ஸ்பின்னை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்குவாட்டில், எக்ஸ் திசையில், 1 அளவு புலம் இருக்கிறது. இசட் திசையில் எவ்வளவு காந்தமாகிறது என்று கேட்கிறோம். பவுலி அணியின் வர்க்கம் எப்போதும் 1, சராசரி 0, ஆகவே பரவற்படி எந்த வெப்பநிலையிலும் 1. இரண்டாவது வழியின் விடை வெறும் பீட்டா. உண்மையான விடையோ பீட்டாவின் ஹைப்பர்போலிக் டேன்ஜென்ட். பீட்டா 0.1-இல் 0.1-க்கு எதிரே 0.0997, வித்தியாசம் கண்ணில் படாது. பீட்டா 1-இல் 1-க்கு எதிரே 0.7616. பீட்டா 10-இல் 10-க்கு எதிரே 1.0000. பரவற்படி வழியை நம்பினால் இந்த ஒற்றை ஸ்பின் குளிரில் முடிவிலிக்குக் காந்தமாகும். நிஜத்தில் அது குறுக்குப் புலத்தின் பிடியில் இருப்பதால் 1-ஓடு நின்றுவிடுகிறது.

காரணம்: அளக்கும் செயலியும் ஹாமில்டோனியனும் இடம் மாறச் சம்மதிக்கவில்லை. பரவற்படியில் இருப்பது இரண்டு வகை அசைவு, வெப்பத்தால் வருவதும் குவாண்டத்தால் வருவதும். பூஜ்ய வெப்பநிலையிலும் இரண்டாவது அசைவு அடங்காது. புலத்துக்கு மெதுவாக வளைந்துகொடுப்பதை அளக்கும்போது அதை அப்படியே பீட்டாவால் பெருக்கக் கூடாது. கூபோ 1957-இல் எழுதிய வடிவம்தான் இங்கே வேண்டும்: கற்பனை நேரத்தில் 0 முதல் பீட்டா வரை காந்தமாக்கலின் தொடர்பைத் தொகையிடுவது. ஐகன் நிலைகள் கையில் இருந்தால் தொகையீடு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு நிலை ஜோடிக்கும் இடைஉறுப்பின் வர்க்கத்தை, நிகழ்தகவுகளின் வித்தியாசத்தை ஆற்றல்களின் வித்தியாசத்தால் வகுத்துவரும் எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள். கடைசியில் பீட்டா × சராசரியின் வர்க்கத்தைக் கழியுங்கள்.

சம ஆற்றல் உள்ள ஜோடிகளில் 0-வை 0-வால் வகுக்க நேரும். அங்கே எல்லை மதிப்பு பீட்டா × நிகழ்தகவு. ஆற்றல்கள் சரியாகச் சமமா என்று கேட்கும் நிபந்தனை எழுதாதீர்கள். கணினியில் சம ஆற்றல்கள் பதிமூன்றாம், பதினான்காம் தசமத்தில் வேறுபடும். 10⁻¹⁰-க்குள் இருந்தால் சமம் என்று எழுதுங்கள்.

இரட்டை ஸ்பின்னில் இந்தப் பிழை தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே மொத்தக் காந்தமாக்கல் ஹாமில்டோனியனோடு இடம் மாறும். நம் தலைமாட்டு எண்கள் எல்லா நோயையும் காட்டாது என்பதற்கு இது ஒரு சாட்சி. குறுக்குப் புலத்தில் உள்ள ஒற்றை ஸ்பின்னையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

அறிகுறி: ஃபெர்ரோகாந்தம் குளிரிலும் காந்தமாகவே இல்லை, சராசரி 0

சரியான விடைதான் வந்திருக்கிறது, கேள்விதான் தப்பு. மேலும் கீழும் சமமாக நடத்தும் ஹாமில்டோனியனுக்குக் கேனானிக்கல் சராசரியும் இரண்டையும் சமமாகவே எடை போடும், பாதிக்குப் பாதி. காந்தமாக்கலின் வர்க்கத்தைச் சராசரி எடுத்து, ஸ்பின்களின் எண்ணிக்கை கூடக்கூட அது எங்கே போகிறது என்று பாருங்கள். அல்லது போகோலியுபோவ் காட்டிய வழி: ஒரு சின்னப் புலம் வைத்து, முதலில் அமைப்பை முடிவிலியாக்கி, அப்புறம் புலத்தை 0 ஆக்குவது. வரிசையை மாற்றினால் 0-தான் வரும்.

அறிகுறி: வெப்பநிலை 0, ஆனால் என்ட்ரோபி 0 இல்லை

மிச்சம் நிற்கும் எண்ணை எக்ஸ்ப் போட்டுப் பாருங்கள். 0.693 என்றால் அடிநிலை இரண்டு, 1.386 என்றால் நான்கு. ஒற்றைப்படை எண்ணிக்கையில் அரை-ஸ்பின்கள் இருந்தால் எந்த அடிநிலைக்கும் ஒரு ஜோடி கட்டாயம் இருக்கும், புலம் இல்லாதவரை. பிழை இல்லை. பனிக்கட்டிக்குக்கூட மிச்ச என்ட்ரோபி உண்டு. 1935-இல் பவுலிங் கணக்கிட்ட எண் மோலுக்கு 3.37 ஜூல்/கெல்வின்.

எக்ஸ்ப் போட்டும் முழு எண் வரவில்லை, 2.7 என்று வருகிறது என்றால்தான் பயப்பட வேண்டும். போதுமான அளவு குளிரவில்லை, அல்லது நிலைகள் எங்கோ இரட்டிப்பாக எண்ணப்பட்டிருக்கின்றன. லான்சோஸில் வரும் பேய் ஐகன் மதிப்புகளை முதலில் சந்தேகியுங்கள்.

அறிகுறி: போசான்களின் எண்ணிக்கை எதிர்க்குறியில் வருகிறது, அல்லது குளிரில் துகள்கள் காணாமல் போகின்றன

இரண்டும் ஒரே வீட்டு நோய். துகள்கள் வெளியே போய்வர இடம் கொடுக்கும் கிராண்ட் கேனானிக்கலில் மொத்தத் துகள் எண்ணிக்கை சரியாக வரும்படி கெமிக்கல் பொட்டன்ஷியலைத் தேடுகிறீர்கள். அது அடிநிலை ஆற்றலுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். தேடும் நிரல் ஒரு எட்டு தாண்டி மேலே கால் வைத்தால் அடிநிலையில் மைனஸ் நாற்பதாயிரம் துகள்கள் என்று கூசாமல் சொல்லும்.

தேடும் எல்லையைக் கட்டிவிடுங்கள். அடிநிலையில் உள்ள துகள்கள் மொத்தத்தைத் தாண்ட முடியாது என்ற ஒரே உண்மையிலிருந்து மேல் எல்லை கிடைத்துவிடும்: அடிநிலை ஆற்றல் − வெப்பநிலை × மடக்கை(1 + 1/மொத்தத் துகள்கள்). பத்து லட்சம் துகள்கள் என்றால் அடிநிலைக்கும் இந்த எல்லைக்கும் நடுவே வெப்பநிலையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் இடைவெளி. துகள்கள் குவிந்துவிட்டால் விடை இந்த எல்லைக்குச் சற்றுக் கீழே ஒட்டிக்கொண்டு பதுங்கியிருக்கும். ஆகவே கெமிக்கல் பொட்டன்ஷியலைத் தேடாமல், அது அடிநிலைக்குக் கீழே எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற இடைவெளியின் மடக்கையைத் தேடுங்கள். எக்ஸ்ப் கழித்தல் 1 என்று எழுதாமல் எக்ஸ்ப்எம்1 என்ற சார்பைப் போடுங்கள், இல்லாவிட்டால் கழித்தலில் இலக்கங்கள் உதிர்ந்துவிடும்.

துகள்கள் காணாமல் போவது வேறு கதை. மட்டங்களின் கூட்டலைத் தொகையீடாக மாற்றினீர்களா? பெட்டியில் மட்டங்களின் அடர்த்தி ஆற்றலின் வர்க்கமூலத்தோடு போகும், ஆற்றல் 0-வில் அது 0. அடிநிலைக்கு எடையே இல்லாமல் போய்விட்டது. சூட்டில் அது ஒரு பொருட்டில்லை. குளிரிலோ துகள்கள் குவிவது அங்கேதான். அடிநிலையைத் தனியாக எடுத்து வைத்து, மீதியை மட்டும் தொகையிடுங்கள். டாக்காவில் இருந்த சத்யேந்திரநாத் போஸ் 1924-இல் ஐன்ஸ்டீனுக்கு அனுப்பிய எண்ணும் முறையை ஐன்ஸ்டீன் துகள்களுக்குப் பொருத்தி, காணாமல் போன துகள்கள் அடிநிலையில் குவிகின்றன என்று அடுத்த ஆண்டே எழுதினார். நீங்கள் பிழை என்று நினைத்ததுதான் அந்தக் கண்டுபிடிப்பு.

வந்த வளைகோடு சோதனையோடு பொருந்தவில்லையா? பெட்டியில் அடிநிலைப் பங்கு 1 − (வெப்பநிலை/குவியும் வெப்பநிலை)-இன் 1.5 அடுக்கு. ஆனால் 1995-இல் அமெரிக்காவின் போல்டரில் ருபீடியம் அணுக்களை 170 நானோகெல்வின் அளவுக்குக் குளிரவைத்துக் குவித்தபோது அவை இருந்தது பெட்டியில் அல்ல, கிண்ணம் போன்ற காந்தப் பொறியில். அங்கே அடுக்கு 3. திரவ ஹீலியத்துக்கு இதே சூத்திரத்தைப் போட்டால் 3.1 கெல்வின் வரும், நிஜத்தில் 2.17. அது அணுக்களின் பரஸ்பர விசை செய்யும் வேலை, உங்கள் நிரல் பொறுப்பில்லை.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. குவிந்த பின் அடிநிலைத் துகள் எண்ணிக்கையின் ஏற்ற இறக்கத்தைக் கிராண்ட் கேனானிக்கலில் கேட்காதீர்கள். பரவற்படி எண்ணிக்கையின் வர்க்கம் + எண்ணிக்கை என்று வரும், அதாவது ஆயிரம் துகள் என்றால் கூட்டியோ குறைத்தோ ஆயிரம். பொறியில் அடைத்த அணுக்கள் அப்படி வெளியே போய்வருவதில்லை. சராசரிகளுக்கு எந்த என்செம்பிளும் பெரிய அமைப்பில் ஒரே விடை தரும் என்ற வழக்கமான சமாதானம் ஏற்ற இறக்கத்துக்குச் செல்லாது. துகள் எண்ணிக்கையைக் கட்டிப்போட்ட கேனானிக்கல் கணக்கைத்தான் அங்கே போட வேண்டும்.

அறிகுறி: காலப்போக்கில் ஓடவிட்டால் அமைப்பு வெப்பச் சராசரிக்கு வரவே மாட்டேன் என்கிறது

ஒரு தூய நிலையில் தொடங்கி, ஷ்ரோடிங்கர் சமன்பாட்டின்படி ஓடவிட்டு, அளவீடு சமநிலை மதிப்புக்கு இறங்கும் என்று காத்திருக்கிறீர்கள். இறங்கவில்லை. மூன்று கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள்.

முழு அமைப்பின் என்ட்ரோபியைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? அது கடைசிவரை 0-தான். தூய நிலை தூய நிலையாகவே இருக்கும். சங்கிலியின் ஒரு சின்னத் துண்டை மட்டும் வைத்து, மீதியை டிரேஸ் எடுத்துத் தள்ளிவிட்டு, அந்தத் துண்டின் என்ட்ரோபியைப் பாருங்கள்.

ஒப்பிடும் வெப்பநிலை எங்கிருந்து வந்தது? அது நீங்களாகத் தேர்ந்தெடுப்பதல்ல. தொடக்க நிலையின் சராசரி ஆற்றலுக்குச் சமமான கேனானிக்கல் ஆற்றல் எந்த வெப்பநிலையில் வருகிறதோ, அதுதான். ஆற்றல் நடுப்புள்ளிக்கு மேலே இருந்தால் வெப்பநிலை எதிர்க்குறியில் வரும், திடுக்கிட வேண்டாம்.

இரண்டும் சரியாக இருந்தும் இறங்கவில்லையா? அமைப்பில் ஆற்றலைத் தவிர வேறு என்னவெல்லாம் மாறாமல் இருக்கிறது என்று தேடுங்கள். அடுத்தடுத்த ஸ்பின்கள் மட்டும் இணைந்த ஹைசன்பெர்க் சங்கிலி, பெத்தே 1931-இல் தீர்த்தது, மாறாத அளவுகளால் நிரம்பி வழிகிறது. அது தொடக்க நிலையை மறப்பதே இல்லை. 2006-இல் கினோஷிதா, வெங்கர், வைஸ் மூவரும் ருபீடியம் அணுக்களை ஒற்றைப் பரிமாணக் குழாய்களில் எதிரெதிரே மோதவிட்டபோது, ஆயிரக்கணக்கான மோதலுக்குப் பிறகும் அவை சமநிலைக்கு வரவில்லை. நிஜ அணுக்களே வராதபோது உங்கள் நிரலைக் கோபித்து என்ன பயன்? இந்த அமைப்புகளுக்கு ஒவ்வொரு மாறாத அளவுக்கும் ஒரு பீட்டா வைத்த பொதுமைப்படுத்திய கிப்ஸ் என்செம்பிளோடு ஒப்பிட வேண்டும். அது வேண்டாம் என்றால் ஒன்றுவிட்ட ஸ்பின்களுக்கு நடுவே ஒரு இணைப்பைச் சேருங்கள். மறக்காத குணம் போய்விடும்.

உங்கள் அமைப்பு எந்த ஜாதி என்று சந்தேகம் இருந்தால் ஆற்றல் மட்டங்களின் இடைவெளியைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து இரண்டு இடைவெளிகளில் சின்னதைப் பெரியதால் வகுத்து, நிறமாலையின் நடுப்பகுதியில் சராசரி எடுங்கள். 0.53-க்கு அருகில் வந்தால் அமைப்பு தன்னைத்தானே சமநிலைக்குக் கொண்டுபோகும் வகை. 0.39-க்கு அருகில் வந்தால் மறக்காத வகை. ஆனால் எல்லாப் பிரிவுகளின் மட்டங்களையும் ஒன்றாகக் கொட்டி வைத்துக் கணக்கிட்டால் நல்ல அமைப்புக்கும் 0.39 பக்கமாகத்தான் வரும், ஏனென்றால் வெவ்வேறு பிரிவு மட்டங்கள் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. பார்ட்டிஷன் ஃபங்ஷனுக்கு எல்லாப் பிரிவையும் கூட்டச் சொன்னேன். இங்கே மொத்தக் காந்தம், மொத்த ஸ்பின், உந்தம், கண்ணாடிச் சமச்சீர் என்று கடைசிப் பிரிவு வரை பிரித்து, ஒரே ஒரு பிரிவுக்குள் மட்டும் இந்த எண்ணை எடுங்கள்.